வீட்டில் பெரிய நாய்கள் இருந்தால் குட்டியைத் தனியாகப் பழக்க வேண்டியதில்லையா?

கேள்வி, 2024 ஆகஸ்ட் 17

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். ஒன்று லாப்ரடார், ஏழு வயது. இன்னொன்று தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய், மூன்று வயது. அடுத்த மாதம் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வருகிறது. "பெரிய நாய் இருக்கிற வீட்டில் குட்டியைப் பழக்கவே வேண்டாம், அதுகளே பார்த்துக்கொள்ளும்" என்கிறார் மாமா. அவர் சின்ன வயதிலிருந்தே நாய் வளர்ப்பவர். உண்மையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

ஆகஸ்ட் 17, இரவு

பாதிதான் உண்மை. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், யார் தட்டுப் பக்கம் போகக்கூடாது, தூங்குகிறவனை மிதித்தால் என்ன கிடைக்கும், இதையெல்லாம் பெரிய நாய்கள் நம்மைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். கூப்பிட்டால் வருவது, வீட்டுக்குள் ஒன்னுக்குப் போகாமல் இருப்பது, பெல்ட் போட்டால் இழுக்காமல் நடப்பது, தனியாக இருந்தால் ஊளையிடாமல் இருப்பது, இதில் ஒன்றையும் அதுகள் சொல்லிக்கொடுக்காது. அதற்குப் பதில் கேட்டில் சிலிண்டர் வண்டி நின்றால் தொண்டை கிழியக் குரைப்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடும், அதற்கு யாரும் சொல்லவே வேண்டாம்.

என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மேற்கொண்டு பேசுவது புரியும். திருநெல்வேலிக்கு வெளியே, சுற்றிலும் ஆடும் கோழியும் உள்ள இடம். கருப்பி நாட்டு நாய், பத்து வயதாகிறது, இடுப்பு வலி உண்டு, கோபம் உண்டு. வெள்ளையன் ராஜபாளையம், ஐந்து வயது, இரண்டு காதும் கேட்காது. 2005-ல் தபால்தலையில் வந்த இனம் என்று பெருமை பேசலாம், சோபாவில் இடம் பிடிப்பதில்தான் அவன் கெட்டிக்காரன். இப்போது சிட்டு என்று ஒரு குட்டி வந்திருக்கிறாள், கன்னி என்ற வேட்டை நாய் இனம், எட்டு வார வயது. அதனால் உங்கள் கேள்வி எனக்கும் இப்போதைய கேள்விதான், நடப்பதை அவ்வப்போது இங்கேயே எழுதுகிறேன்.

எட்டு வாரத்துக்கு முன்னால் கொடுக்கிறேன் என்று எவராவது சொன்னால் வாங்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கும் அந்தக் கடைசி வாரங்களில்தான் கடியை அடக்கக் குட்டி கற்றுக்கொள்கிறது.

ஆகஸ்ட் 18

முதல் சந்திப்பு எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள். பொதுவாகச் சொல்வது, எந்த நாயும் சொந்தம் கொண்டாடாத இடத்தில் வையுங்கள் என்பது. வெளிநாட்டில் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். நம் ஊரில் தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்குவது பார்வோ என்ற உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கு நோயைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைப்பதுதான். நான் மொட்டை மாடியில் வைத்தேன். எங்கள் நாய்கள் மாடிக்கு அதிகம் போவதில்லை, அதனால் அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

சாதுவான நாய் முதலில், சிடுசிடுப்பது கடைசியில், ஒவ்வொன்றாகத்தான். வெள்ளையன் வந்து மோந்தான், சிட்டு மல்லாந்து படுத்துக் கொஞ்சம் மூத்திரம் விட்டாள், அவன் திரும்பிப் போய் நிழலில் படுத்துவிட்டான். கருப்பி மோந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

பெல்ட் போட்டிருந்தால் கயிறு தொளதொளவென்று இருக்கட்டும். கயிறு விறைத்தால் நாயும் விறைக்கும். குட்டியைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு பெரிய நாய்க்குக் காட்டாதீர்கள், அது எம்பிக் குதிக்கும், குட்டிக்குத் தப்பிக்க இடம் இருக்காது.

ஆகஸ்ட் 19

"தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம், பார்வோ வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பினாயிலை நம்பாதீர்கள். பார்வோ வைரஸ் முரட்டுத்தனமானது, மண்ணில் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அதைக் கொல்வது ப்ளீச், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர், தரையில் பத்து நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் அழுக்கைக் கழுவியிருக்க வேண்டும். மண் தரையில் அதுவும் சரியாக வேலை செய்யாது.

பல நாய் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல்: பெரிய நாய் வெளியே சுற்றிவிட்டுக் காலில் கொண்டுவரும். அதற்கு ஒன்றும் ஆகாது, ஊசி போட்டிருக்கும், குட்டிக்குத்தான் ஆபத்து. குட்டி வருவதற்கு முன்பே பெரியதுகளின் ஊசியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. ஒரு ஊசி போட்டாயிற்று என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரத்தில் வடியும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறேன்.

ஆகஸ்ட் 25

தூக்கம். இதை யாரும் சொல்வதில்லை. எட்டு வாரக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். ஒற்றைக் குட்டி இருக்கும் வீட்டில் அது தானாக நடந்துவிடும், நாய்கள் உள்ள வீட்டில் நடக்காது, எந்நேரமும் ஒரு வால் ஆடிக்கொண்டிருக்கும், ஒரு காது இழுக்கக் கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி ஓடி, எல்லாரையும் கடித்து, திட்டினால் இன்னும் கடிக்கிறது என்றால் அது அடங்காத குட்டி இல்லை, தூக்கம் கெட்ட குட்டி. கூண்டிலோ கம்பித் தடுப்புக்குள்ளோ போட்டு மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்துங்கள். இரண்டு நிமிடம் முனகும், அப்புறம் கட்டை மாதிரி கிடக்கும்.

கூண்டு கொடுமை இல்லையா என்று கேட்பவர்கள், அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் கொடுமைதான். சிட்டுவின் சாப்பாடு அங்கேதான், ஈரல் துண்டு கிடைப்பதும் அங்கேதான். கருப்பிக்கும் அதனால் நிம்மதி. அவளுக்கென்று கட்டிலுக்கு அடியில் ஓர் இடம், முன்னால் பலகை வைத்து மறைத்திருக்கிறேன், பெரியவள் தாண்டலாம், குட்டியால் முடியாது. வயதான நாய் உள்ள வீட்டில் குட்டிக்குச் சாமான் வாங்குவதற்கு முன்னால் பெரியதுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் பண்ணுங்கள்.

சாப்பாடு தனித்தனியாக, ஒருவர் தட்டு இன்னொருவர் கண்ணில் படாமல். பெரியதுகளுக்கு இரண்டு வேளை, குட்டிக்கு மூன்று வேளை என்பதால் குழப்பம் வரத்தான் செய்யும். முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். காலித் தட்டுக்கும் சண்டை வரும்.

செப்டம்பர் 1

இப்போது மாமாவின் பேச்சுக்கு வருகிறேன். சிட்டு வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று தெரிந்தது: அவள் என்னைப் பார்த்து ஓடி வரவில்லை, வெள்ளையனைப் பார்த்து ஓடினாள், அவன் என்னிடம் வந்ததால் அவளும் வந்தாள். பார்க்கிறவர்களுக்கு, அடடா கூப்பிட்டதும் வருகிறதே என்று தோன்றும். வெள்ளையனை உள்ளே அடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சிட்டு என்பது தன் பெயர் என்றே தெரியாத குட்டி.

அதனால் என் ஒரே அறிவுரை இதுதான், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை: குட்டியைத் தினமும் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து, உங்களோடு மட்டும் வைத்திருங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. சாப்பாட்டை அப்போது கையால் கொடுங்கள். பெயரைச் சொல், திரும்பிப் பார்த்தால் ஒரு வாய். நடைக்கும் தனியாக, கால்நடை டாக்டரிடமும் தனியாக, வண்டியிலும் தனியாக. அப்புறம் ஒரு பெரிய நாயைத் தூரத்தில் கட்டிவைத்து அதே வேலை. கடைசியில்தான் எல்லாரோடும் சேர்த்து. வேலைக்குப் போகிற வீட்டில் இது கஷ்டம்தான். ஆனால் இந்த வேலையை இப்போது செய்யாவிட்டால் ஒரு வயதில் செய்ய வேண்டிவரும், அப்போது இருபது கிலோ இருக்கும், ஓட்டத்தில் மோட்டார் சைக்கிளை முந்தும்.

கூப்பிடும்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். "எல்லாரும் வாங்கடா" என்பது யாருக்கும் சொல்லாததற்குச் சமம்.

செப்டம்பர் 8

நேற்று விநாயகர் சதுர்த்தி. ஊசி முடியாததால் சிட்டுவைத் தரையில் விடவில்லை, துண்டில் சுற்றி மடியில் வைத்துத் தெருமுனையில் நின்று கொட்டுச் சத்தம், டிராக்டர், பிள்ளைகள் கூட்டம் எல்லாம் காட்டினேன், நடுங்கினால் பின்னால் போய், அடங்கினால் ஈரல் கொடுத்து. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலு வாரம்வரைதான் குட்டியின் மனம் புதியதை எளிதாக ஏற்கும், அதற்கப்புறம் புதியது என்றாலே சந்தேகம் வரும். ஊசிக்காக நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் அந்தக் காலம் போய்விடும். தூக்கிக்கொண்டு போங்கள். கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் இயல்பிலேயே அந்நியரிடம் ஒதுங்கும், உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

செப்டம்பர் 15

வந்துவிட்டது, "நீதான் கூட்டத் தலைவன் என்று காட்ட வேண்டும், குட்டியை மல்லாத்திக் கழுத்தைப் பிடித்து அழுத்தணும், நீ சாப்பிட்ட பிறகுதான் நாய் சாப்பிடணும்." எந்த இழையிலும் இது வராமல் இருந்ததில்லை. ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் மற்றதை அடக்கி ஆளும், நாயும் அப்படித்தான் என்ற இந்தக் கதைக்கு மூலம் 1947-ல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியது, சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாததுகளை ஒரே அடைப்பில் போட்டால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் பல காலம் ஓநாய்களோடு திரிந்தபின், ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் அவரே எழுதினார். இங்கே இன்னும் 1947-தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குச் சோறு ஆறிப்போய்விடக்கூடாது என்பதால் நான் முதலில் சாப்பிடுகிறேன். வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 16

"அண்ணாச்சி, எங்க பெரிய நாய் குட்டியைப் பார்த்து உறுமுது, அடிச்சுத் திருத்தவா?" அடிக்காதீர்கள் தம்பி. உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை மட்டும்தான் நிற்கும், எரிச்சல் உள்ளேயே இருக்கும், அடுத்த முறை சத்தமில்லாமல் கடி விழும்.

எது சாதாரணம், எது ஆபத்து? கருப்பி செய்வதைச் சொல்கிறேன். முதலில் உடம்பு விறைக்கும், ஓரக்கண்ணில் வெள்ளை தெரியும். சிட்டு கண்டுகொள்ளவில்லை என்றால் மேலுதடு ஒரு பக்கம் மட்டும் தூக்கும், பல் தெரியும், சத்தம் கிடையாது. அப்புறம் உறுமல். அப்புறம் காற்றில் 'டக்' என்று ஒரு கடி, குட்டிமேல் படாது. சிட்டு 'கீச்' என்று கத்திவிட்டு விலகினால் அதோடு முடிந்தது, கருப்பி அரை நிமிடத்தில் மறுபடி படுத்துவிடுவாள். இது பாடம். குட்டி விலகிய பிறகும் துரத்தினால், கழுத்தைப் பிடித்து உலுக்கினால், சத்தமில்லாமல் உற்றுப் பார்த்துக்கொண்டே பின்னால் போனால், அது பாடம் இல்லை, உடனே பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. கருப்பி பொறுமையிழக்கும்வரை காத்திருந்து பாடம் கற்பிக்க விடுவதும் நியாயமில்லை. பத்து வயது நாய்க்கு நாள் முழுக்க வாத்தியார் வேலை எதற்கு? ஓரக்கண் வெள்ளை தெரிந்ததுமே நான் குட்டியைத் தூக்கிவிடுகிறேன்.

அக்டோபர் 6

அண்ணன் தங்கையாக இரண்டு குட்டி சேர்த்து வாங்கலாமா, ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமே என்று ஒரு கேள்வி. வேண்டாம் என்பேன். துணையாக இருக்கும், அதுதான் பிரச்சினை. ஒன்று இல்லாமல் ஒன்று இருக்காது, மனிதர் பேச்சு இரண்டுக்கும் ஏறாது, வளர்ந்தபின் அதுகளே சண்டை போட்டுக்கொள்வதும் உண்டு. எல்லா ஜோடியும் அப்படி ஆவதில்லை, நன்றாக வளர்ந்ததையும் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்தார்கள்: தனித்தனிப் பெல்ட், தனித்தனி நடை, தனித்தனித் தூக்கம். அவ்வளவு நேரம் இருந்தால் வாங்குங்கள்.

சிட்டுவுக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டது. முன்பற்களில் ஒன்று வெள்ளையன் காதில் சிக்கியிருந்தது. பால் பல் இருபத்தெட்டு, ஏழு மாதத்துக்குள் நாற்பத்திரண்டு பெரிய பல். ஈரத் துணியை முறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுங்கள், செருப்பு கொஞ்சம் பிழைக்கும். மூன்று நாய்க்கு மூன்று துணி.

அக்டோபர் 13

காது கேட்காத நாயை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன், குட்டி விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. ராஜபாளையத்தில் காது கேளாமை அடிக்கடி பார்ப்பது. வெள்ளைத் தோலையும் இளஞ்சிவப்பு மூக்கையும் கொடுக்கும் அதே நிறமிக் குறைதான் உள்காதையும் கெடுக்கிறது. வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, காற்றுப் படாமல், தரை அதிராமல் சாவியைக் குலுக்கிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் அதிலும் தெரியாது.

வெள்ளையனுக்கு எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கை மேலே போனால் உட்கார், தரையைக் காட்டினால் படு, இரண்டு கையும் விரித்தால் வா. சிமெண்ட் தரையில் காலைத் தட்டினால் அவனுக்குத் தெரியாது, மரக்கட்டிலின் சட்டத்தில் தட்டினால் தெரியும். தூங்கும்போது குட்டி மேலே விழுந்தால் திடுக்கிட்டுக் கவ்விவிடுவான் என்பதுதான் முதலில் என் பயம். அதனால் அவன் தூங்கும் இடம் எப்போதும் சுவரோரம், முன்னால் தடுப்பு.

வேடிக்கை என்னவென்றால், சிட்டு பேச்சைவிடக் கைஜாடையை வேகமாகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையனைப் பார்த்துக் கற்றதா, என் கையில் இருந்த ஈரலைப் பார்த்துக் கற்றதா, நாமாக ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நாய்கள் பொதுவாகவே சத்தத்தைவிட நம் உடம்பு அசைவைத்தான் முதலில் படிக்கும். காது கேட்கிற குட்டிக்கும் ஜாடையோடு ஆரம்பியுங்கள், சொல்லை அப்புறம் ஒட்டுங்கள். மூன்று நாய் குரைக்கிற வீட்டில் உங்கள் குரல் எப்படியும் கேட்காது.

நவம்பர் 3

தீபாவளி. இதை விரிவாகவே எழுத வேண்டும்.

கருப்பிக்கு வெடி என்றால் உயிர் போகும். முதல் நாள் ராத்திரியிலிருந்தே மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், கட்டிலுக்கு அடியில் தரையைப் பிராண்டுவாள். வெள்ளையனுக்கு ஒன்றும் கேட்காது என்பதால் எங்கள் வீட்டில் தீபாவளியை நிம்மதியாகக் கொண்டாடும் ஒரே ஆள் அவன்தான். சிட்டுவுக்கு இது முதல் தீபாவளி, நாலரை மாதம். அவள் யாரைப் பார்த்து நடந்துகொள்ளப் போகிறாள் என்பதுதான் என் கவலை.

எனவே பிரித்தேன். கருப்பி உள் அறையில், ஜன்னலுக்குப் போர்வை, மின்விசிறி முழு வேகத்தில், அவளுக்கு டாக்டர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த மாத்திரை, கூட என் மனைவி. சிட்டு கூடத்தில் வெள்ளையனோடும் என்னோடும். முதல் சரவெடிக்கு அவள் துள்ளி எழுந்து வெள்ளையன் முகத்தைப் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான். என்னைப் பார்த்தாள். நான் தரையில் நாலு ஈரல் துண்டை வீசினேன். இப்படியே ஒவ்வொரு பெரிய சத்தத்துக்கும். பத்து மணிக்குமேல் அவளே வெடிச் சத்தம் கேட்டதும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், எங்கே விழுகிறது என்று.

மாமா சொன்னது இந்த ஓர் இடத்தில் முழு உண்மை: பெரிய நாய் கற்றுக்கொடுக்கும். எந்தப் பெரிய நாயோடு விடுகிறோம் என்பதைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பார்கள், அதை நம்பாதீர்கள். பக்கத்தில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 4

"அது குட்டியின் பிறவிக் குணம், வெள்ளையன் காரணமில்லை" என்று மதுரைக்காரர் ஒருவர் மறுத்திருக்கிறார். இருக்கலாம். ஒரு குட்டியை வைத்து இதை நிரூபிக்க முடியாது. சத்தத்துக்குப் பயப்படுவதில் பிறவிக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அடுத்த வருடமும் கருப்பியோடு விடமாட்டேன்.

நவம்பர் 24

கோழி. கன்னியோ சிப்பிப்பாறையோ வளர்ப்பவர்கள் இதற்குத் தப்ப முடியாது. கண்ணில் பட்டு ஓடுவதைத் துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். முயலுக்கும் பக்கத்து வீட்டுச் சேவலுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாய் துரத்தினால் அது வேட்டை ஆசை. மூன்று சேர்ந்தால் அது கூட்ட வெறி, கூப்பிட்டாலும் எந்தக் காதும் கேட்காது, வெள்ளையனுக்கு ஏற்கெனவே கேட்காது.

அதனால் வெளியே ஒரே நேரத்தில் ஒருவர்தான், நீளக் கயிற்றில். கோழி தூரத்தில் இருக்கும்போதே, அவள் காது முன்னால் விறைத்ததும், பெயர் சொல்லித் திருப்புவது. ஓட ஆரம்பித்த பிறகு கூப்பிடுவதில் பயனில்லை. கோழி அசைந்ததைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தால் முழு முட்டை. இப்போதைக்கு ஆறேழு மீட்டர் தூரத்தில் கோழி மேய்ந்தால் தாங்குகிறாள். அவிழ்த்துவிடும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, கோழிக்காரரும் கேட்கவில்லை.

குட்டி என்று கருப்பி கொடுத்துவந்த சலுகையும் முடிந்துவிட்டது. ஐந்து மாதம் ஆனதும் உறுமலின் தொனியே மாறியது. முன்பு மூன்றாவது குறும்புக்கு வந்தது இப்போது முதல் குறும்புக்கே வருகிறது. இது எதிர்பார்த்ததுதான், பயப்பட வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள் இருந்தால் இளையது ஒன்றரை, இரண்டு வயதை எட்டும் சமயத்தில்தான் பெரிய சண்டைக்கு வாய்ப்பு அதிகம். அதனால் பொம்மை, எலும்பு எல்லாம் இப்போதே தனித்தனியாகக் கதவடைத்த பிறகுதான் கொடுக்கிறேன்.

டிசம்பர் 15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய சிப்பிப்பாறை நன்றாக இருக்கிறதாம், லாப்ரடாரிடமிருந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கக் கற்றுக்கொண்டதாம். மாமா இப்போது "நான்தான் அப்போதே சொன்னேனே" என்கிறாராம். குப்பைத் தொட்டிக்கு மூடி வாங்குங்கள். மாமாவை ஒன்றும் செய்ய முடியாது.

பெண் குட்டி என்றால் ஆறு மாதத்துக்குமேல் எப்போது வேண்டுமானாலும் சூட்டுக்கு வரலாம், இந்த மெல்லிய உடம்பு இனங்களில் ஒரு வயதுக்கு மேலும் தள்ளிப்போகும். வீட்டில் கருத்தடை செய்யாத ஆண் இருந்தால் நாள் நெருங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். வெள்ளையனுக்கு எப்போதோ செய்தாயிற்று, ஆனால் தெருவில் இருப்பவர்களுக்குச் செய்யவில்லையே.

கேட் உயரம் கேட்டிருந்தீர்கள். ஆறடிக்குக் குறையக்கூடாது. எங்கள் நாலடிச் சுவரைச் சிட்டு போன வாரம் நின்ற இடத்திலிருந்தே தாண்டினாள். மேலே கம்பி வலை போடக் கொத்தனார் வருகிறார். குறுக்குக் கம்பி உள்ள கேட்டாக இருந்தால் உள்பக்கம் தகரம் அடித்துவிடுங்கள், ஏணி மாதிரி காலை வைத்து ஏறிவிடும்.